வெறுங்கை ஆட்டம்

விழா தொடங்கி இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆகியும் லுட்விக் அந்த ஒரு பெயரைச் சொல்லவில்லை. முதல் வரிசையில் கம்பளிக் கையுறையோடு உட்கார்ந்திருந்த அவனுடைய அக்கா யட்விகாவுக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. “மேடையில கண்டிப்பா சொல்லிடறேன்க்கா” என்று காலையில்தான் சத்தியம் செய்திருந்தான்.

சிகாகோவில் முதன்முதலாக சாஃப்ட்பால் பந்தாட்டம் ஆடியவர்களுக்கு ஐம்பது வருடம் கழித்துப் பாராட்டு.

“முட்டைக்கோஸ் அளவு பந்து! அதை வெறுங்கையில பிடிச்ச மனுஷன்!” என்று முழங்கினார் விழாத் தலைவர். “விரல் உடையாதவன் எங்க ஊர்ல ஆட்டக்காரனே இல்ல. லுட்விக், கேடயம் வாங்கறதுக்கு முன்னாடி உன் அக்கார்டியன்ல ஒரு போல்கா மெட்டு எடுத்து விடுப்பா!”

லுட்விக் வாசித்தான். விரல்கள் கட்டைகளின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடின. கூட்டம் ஆரவாரித்தது. கேடயத்துக்குக் கை நீட்டினான்.

யட்விகா எழுந்தாள். “டேய், நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

“உக்காருக்கா, மானம் போகுது.”

“போகட்டும்டா!”

மேடையேறிக் கையுறைகளைக் கழற்றி எறிந்தாள். பத்து விரல்களும் இஞ்சிக் கிழங்கு மாதிரி கோணிக் கிடந்தன.

“இவன் விரல பாருங்க, ஒண்ணாச்சும் கோணியிருக்கா? அணியில பொம்பளைய சேக்க மாட்டோம்னீங்க. இவன் சட்டையையும் தொப்பியையும் மாட்டிக்கிட்டு, இவன் பேர்ல ஆறு வருஷம் ஆடினது நான்!”