எழுதினதை வாசியும்

"நிப்பாட்டும்!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக்கின் முன் இருந்த இன்பாஸ் நிறுத்தினான்.

"என்ன ஐசே, திரும்பவும் அதே பிழை? எழுதினதை வாசியும்."

கட்டுப்பாட்டு அறையில் இருந்தபடி பொத்தானை அழுத்திச் சொன்னவர் சுரேஸ் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். கல்முனைப் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கு இதழியல் படிப்பிக்க அண்மையில்தான் வந்தார். மாணவர் பிந்தி வந்தால் மன்னிப்பார். பசியோடு வந்தால் தன் சோற்றுப் பார்சலையே நீட்டிவிடுவார். ஆனால் எழுதியதை மாற்றி வாசித்தால் மட்டும் மனுஷனுக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிடும்.

கோபத்துக்கு இன்று காரணமும் இருந்தது. இன்னும் சற்று நேரத்தில் புதுக் கலையகத்தின் திறப்பு விழா. மாணவர் செய்தி முதன்முறையாக இங்கிருந்து முகநூலில் நேரலையாகப் போகிறது. தலைப்புச் செய்தியைச் சேரே சுடச்சுட எழுதிக் கொடுத்திருந்தார்.

'ஹாஜறா மையத்தை அவருடைய தந்தை மீராமுகைதீன் இன்று திறந்து வைக்கிறார்.'

ஹாஜறா இங்கே படித்தவள். செய்தி வாசிப்பில் அவளை அடிக்க ஆளில்லை. போன வருடம் அக்கரைப்பற்று வீதியில் நடந்த விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் ஞாபகமாக அவளுடைய வாப்பா கட்டிக் கொடுத்ததுதான் இந்தக் கலையகம். கமரா, மைக், சத்தம் புகாத சுவர் எல்லாம் அவர் தந்தவை. வாசலில் 'ஹாஜறா மையம்' என்று பெயர்ப்பலகை மின்னியது.

மண்டபத்தில் முன்வரிசைக் கதிரை போட்டு வைத்திருந்தும் அவர் அங்கே போகவில்லை.

"மகள் வேலை செய்ய ஆசப்பட்ட இடம் சேர். ஒரு ஓரமா இருந்து பாக்கன்" என்று சுரேஸ் சேருக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

இன்பாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஹாஜறா கலையகத்தை அவருடைய தந்தை..."

"நிப்பாட்டும்! கலையகம் எண்டு அதில எங்க கிடக்கு? வாசல் போர்டில மையம், தாளிலயும் மையம். உமக்கு மட்டும் கலையகமோ?"

"கலையகம் என்டாலும் ஒன்டுதானே சேர்?"

"ஒண்டோ ரெண்டோ, அதை நான் பாத்துக்கொள்ளுறன். நீர் வாசியும்."

இன்பாஸ் வாசிக்கவில்லை. தாளை மேசையில் வைத்தான்.

"சேர், நீங்க ஒருக்கா உள்ளுக்கு வாங்களே."

"அங்கயிருந்தே சொல்லும். மைக் போட்டுத்தான் கிடக்கு. இங்க எல்லாருக்கும் வடிவாக் கேக்குது."

"அதுதான் சேர்..." என்று இழுத்தவன் அப்படியே வாயை மூடிக்கொண்டான்.

"புள்ளைக்கு ஏசாதீங்க சேர்" என்றார் மீராமுகைதீன். "புது இடம். பயந்திருப்பான்."

சேருக்கு அது பயமாகத் தெரியவில்லை. ஹாஜறா இருந்தவரைக்கும் இவனுக்கு எப்போதும் இரண்டாமிடம்தான் என்று கேள்விப்பட்டிருந்தார். அவள் பெயரில் ஒரு மையம் எழும்பியது பொறுக்கவில்லை போலும். இறந்துபோன பிள்ளையோடுமா போட்டி? நினைக்க நினைக்க அவருக்கு நெஞ்சு கொதித்தது.

"நீர் எழும்பும். தர்சினி, நீர் போய் இரும்."

இன்பாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், வீட்டில் உம்மாவும் ராத்தாவும் அயல் வீட்டுச் சனமும் ஃபோனைச் சுற்றிக்கொண்டு இருப்பார்கள். ஒரு சொல்லை வாசித்துவிட்டால் கதிரை அவனுக்குத்தான். அவன் எழும்பி ஓரமாக நின்றான்.

தர்சினி பக்கத்துத் திருக்கோவில் ஊர்ப் பிள்ளை. எழுதியதில் ஒரு காற்புள்ளியைக்கூட விடமாட்டாள். அதனாலேயே சேருக்கு அவள்மேல் தனி நம்பிக்கை. கதிரையில் இருந்தாள், தாளை எடுத்தாள்.

"ஹாஜறா..."

நின்றாள். இன்பாஸைப் பார்த்தாள். கண்ணாடி வழியாக மீராமுகைதீனைப் பார்த்தாள். பிறகு மளமளவென்று வாசித்தாள்.

"ஹாஜறா கலையகத்தை அவருடைய தந்தை மீராமுகைதீன்..."

சேர் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் எறிந்தார்.

"ரெண்டு பேரும் சேந்து என்னோட விளையாடுறியளோ?"

கதவைத் தள்ளிக்கொண்டு கலையகத்துக்குள் போனார். அவர் வாயைத் திறக்குமுன் இன்பாஸ் ஓடிவந்து மைக்கை நிறுத்தினான். கதவையும் இறுக்கிச் சாத்தினான்.

"இப்ப சொல்லும். அந்த ஒரு சொல்லைச் சொன்னா உமக்கு என்ன குறைஞ்சு போகுது?"

"மையம் என்டா ஒன்டுமில்ல சேர். 'மையத்தை' என்டு வரக்குள்ளதான்..."

"வரக்குள்ள?"

"எங்கட ஆக்கள் மையத்து என்டு சொல்றது வேற ஒன்ட சேர். மௌத்தான ஆள்ற உடம்ப."

சேர் விளங்காமல் விழித்தார்.

"பிரேதம் சேர்" என்றாள் தர்சினி மெதுவாக. தாளை அவர் கையில் கொடுத்தாள். "இப்ப நீங்க ஒருக்கா வாசிச்சுப் பாருங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒன்றும் கேட்காத மீராமுகைதீன், பிள்ளைகளுக்கு ஏச வேண்டாம் என்று சிரித்தபடி கைகாட்டினார்.

"ஹாஜறா மையத்தை அவருடைய தந்தை..."

அதற்கு மேல் எழுதியதை வாசிக்கச் சேருக்கும் வாய் வரவில்லை.