எதிரே ஆள் உண்டா?

“என்கிட்ட ‘அழிக்கவா?’ன்னு கேக்குது, உன்கிட்ட மட்டும் கேக்காதா? மெஷினுக்கு ஆள் பார்த்துப் பழகத் தெரியுமா?” ஒலிப்பதிவுக் கூடத்தின் முதலாளி, மனைவியின் தம்பியைக் காய்ச்சி எடுத்தார்.

“போன வாரம் வரைக்கும் கேட்டுச்சு மாமா. இப்போ சத்தியமா கேக்கல. ஓட்டினேன், பதிவு மொத்தமும் போயிடுச்சு.”

“கதை விடாதே. நீ எப்போ ஓட்டினே, திரையில என்ன வந்துச்சு, எல்லாம் எனக்குத் தெரியும்.”

“நீங்கதான் அன்னிக்கு ஊர்லயே இல்லையே!”

“பேச்சை மாத்தாதே. இன்னியோட உன் வேலைக்கு முழுக்கு. உங்கக்கா அழுதாலும் சரி.”

அந்தத் துப்புரவு நிரலை எழுதியவள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பழைய பதிவு ஒவ்வொன்றையும் நீக்கும்முன் ‘அழிக்கவா?’ என்று அது கேட்டாக வேண்டும். வெற்றுப் பதிவுகளைப் போட்டு, இருவரையும் ஓட்டிக் காட்டச் சொன்னாள். முதலாளி விசைப்பலகையில் நிரலின் பெயரைத் தட்டினார், கேட்டது. தம்பி, தினமும் தொடும் ஐகானைத் தொட்டான். கேட்காமலே துடைத்துப் போட்டது.

அவளுக்கும் சந்தேகம் தட்டியது. இவனே ஏதாவது செய்து வைத்திருப்பானோ?

“சார், இது தொடங்கும்போதே isatty(1)னு ஒண்ணு விசாரிக்கும். அதாவது, ‘நான் எழுதுறது நேரா திரைக்குப் போகுதா, வேற எங்கேயாவது போகுதா?’ன்னு. திரைன்னா, எதிர்ல ஆள் இருக்காங்கன்னு கேட்டுட்டு அழிக்கும். இல்லேன்னா, ஆளில்லாம தானா ஓடுதுன்னு நினைச்சு அழிச்சுடும்.”

“அவனும் திரையிலதானே பார்க்கிறான்?”

“அதான் எனக்கும் பிடிபடல.” ஐகானுக்குள் இருந்த கட்டளையைத் திறந்து படித்தாள். நிமிர்ந்தாள். “இதுக்கு யாரோ வால் ஒட்டியிருக்காங்க. நிரல் எழுதுறது நேரா திரைக்குப் போகாம, முதல்ல இன்னொரு நிரல்கிட்ட போகுது. அது திரைக்கு ஒண்ணு, ஒளிச்சு வெச்ச கோப்புக்கு ஒண்ணுன்னு ரெண்டாப் பிரிச்சுக் கொடுக்குது. அந்தக் கோப்பு இருக்கிறது… உங்க ஃபோல்டர்ல, சார்.”

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒழுங்கா வேலை பார்க்கிறானான்னு வேவு பார்க்க… போன வாரம் நான்தான் போட்டேன்.”

அவள், திரைப் பக்கம் விசாரிக்கும் isatty(1) என்பதை விசைப்பலகைப் பக்கம் விசாரிக்கும் isatty(0) என்று மாற்றினாள்: இனி எழுத்து எங்கே போனாலும் சரி, விசைப்பலகை முன்னால் ஆள் இருந்தால் அது கேட்கும்.