விழாத கோடு

தடகளச் சங்கத் தலைவருக்கு விளையாட்டில் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: விளையாட்டு. ஓட்டக்காரிகள் சோதனை சைக்கிளில் முப்பது வினாடி உயிரைக் கொடுத்து மிதித்தபோது பலம் ஏறி இறங்கியதைக் கோடாக வரைந்த தாள்களை, பெயரில்லாமல் நம்பர் மட்டும் போட்டு, டெக்னீஷியன் அவர் முன் வைத்தாள்.

"மூணாம் நம்பர் யாரும்மா? கோடு மலை மாதிரி ஏறி மடமடன்னு சரியுது! தம்மே இல்ல, லிஸ்ட்லேருந்து தூக்குங்க."

மூலையில் வாளியோடு உட்கார்ந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்த மூன்றாம் நம்பர் நிமிர்ந்தாள்.

"சார், நூறு மீட்டர் ஓடுற பொண்ணு. இருக்கிற பலத்தை எடுத்த எடுப்புல கொட்டினா அப்படித்தான் விழும். அதுதான் நமக்கு வேணும்" என்றாள் டெக்னீஷியன்.

"எனக்கே பாடமா? ஏழாம் நம்பரைப் பாருங்க. கடைசிவரைக்கும் கோடு அசையவே இல்ல. அதுவல்லவா உடம்பு!"

"சார், அந்த ஏழு வந்து…"

"பேசாதீங்க. சனிக்கிழமை போட்டிக்கு அதுதான் போகுது. பேரைச் சொல்லுங்க, எழுதணும்."

"உங்க பேருதான் சார். காலையில போட்டோவுக்காக ஏறி உக்காந்து, போன் பேசிக்கிட்டே மிதிச்சீங்களே."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பெருந்தன்மையோடு மூன்றாம் நம்பரின் பெயரை எழுதினார்.

"சின்னப் பொண்ணு, பொழைச்சுப் போகட்டும். என் இடத்தை விட்டுக் கொடுத்துட்டேன்."