கேட்டால் மட்டும்

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் மாண்டிசோரி ஆசிரியர் பயிற்சியின் கடைசி நாள். கோட்டுக்குப் பட்டன் போடத் திணறும் நான்கு வயது பெகிமாயைச் சற்று எட்ட உட்கார்ந்து கவனிப்பதுதான் தேர்வு. குழந்தை தானாகக் கேட்டால் மட்டுமே உதவலாம்.

முதலில் வந்த இருவரும் பொறுக்காமல் ஓடிப்போய்ப் போட்டுவிட்டார்கள். சைகல் மட்டும் அசையவில்லை. பெகிமாய் உதட்டைப் பிதுக்கியபோதும் சைகலின் கைகள் மடியிலேயே கிடந்தன.

"பாத்தீங்களா? உங்களுக்கெல்லாம் கை சும்மா இருக்காதே!" என்று மற்றவர்களைச் சீண்டினாள் பயிற்சி கொடுக்கும் புருல்கான். "மனசைக் கல்லாக்கிக்க எங்கடி கத்துக்கிட்ட, சைகல்?"

"வீட்டுலதான் அக்கா."

ஒருவழியாகப் பட்டன்களைக் கோணலாக மாட்டிக்கொண்ட பெகிமாய், "அம்மா!" என்று வாசலுக்கு ஓடினாள். அங்கே வந்து நின்ற நரைத்த தலைப் பெண்மணி, எல்லாவற்றையும் அவிழ்த்து அவளே சரியாகப் போட்டுவிட்டாள்.

"போலாமா சைகல் அக்கா?" என்றது குழந்தை.

புருல்கான் திரும்பினாள். "உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"என் மாமியார்."

"அப்போ பெகிமாய்...?"

"தலைப்பிள்ளையை மாமியாருக்குக் கொடுக்கறது நம்ம வழக்கம்தானே அக்கா? பெத்தது நான். அவளுக்கு அம்மா அவங்க."

புருல்கானின் சிரிப்பு அடங்கிவிட்டது. "அடிப்பாவி, இன்னிக்காவது போய்ப் போட்டுவிட்டிருக்கலாமே! நானா மார்க்கைக் குறைக்கப் போறேன்?"

சைகல் தன் கோட்டை எடுத்துக்கொண்டாள்.

"அவ கேக்கணுமே அக்கா. அதுக்குத்தான் அவ பேச ஆரம்பிச்சதுலேருந்து காத்துக்கிட்டிருக்கேன்."