குழாயோட அந்த முனை

சின்னவளுக்கு அன்னிக்குக் கால் தரையிலயே நிக்கல. உழவுப் போட்டியில மொத மொதல்ல அவதான் டிராக்டர் ஓட்டப் போறா! குளிர்ல இன்ஜின் கல்லு மாதிரி கெடக்கு. ஷெட்டுக்குள்ளயே கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடேத்தினாத்தான் வயல்ல மானம் நிக்கும்.

அதுக்கு அக்கா ஒரு சட்டம் வெச்சிருக்கா. கதவெல்லாம் தெறந்திருக்கணும். சைலன்சர்ல நீளக் குழாய மாட்டி, சுவத்து ஓட்ட வழியா வெளிய விடணும். ஒருத்தி சாவியத் திருப்புவா. இன்னொருத்தி ஷெட்டுக்குப் பின்னாடி, குழாயோட அந்த முனையில நின்னு, புகை வெளிய வந்தா "வருது"ன்னு கத்துவா. அந்தக் குரல் வரலன்னா அந்த நிமிஷமே இன்ஜின நிறுத்திடணும், இல்லன்னா புகை உள்ளயே அடைச்சு, இருக்கறவ உசுரு போயிடும்.

"அக்கா, பின்னாடி நில்லு!"ன்னு வீட்டப் பாத்துக் கத்திட்டு, குழாய மாட்டியிருந்த டிராக்டர்ல சின்னவ ஏறி உக்காந்தா.

"நின்னுட்டேன்டி!" சுவத்துக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்துச்சு.

டிராக்டர் ரெண்டு தடவ இருமிட்டுப் பிடிச்சுக்கிச்சு.

"வருது, வருது!"

"கப்பு நமக்குத்தான்க்கா!"

சூடு காட்டுற முள்ளு மெதுவா ஏறுச்சு. அப்பத்தான் முன் கதவு வழியா அக்கா உள்ள வந்தா, தலையில துண்டு, கையில பல் பிரஷ்ஷு.

"ஏண்டி, நான் வர்றதுக்குள்ள பறக்கணுமா? பின்னாடி யாரு நிக்கறா?"

சின்னவ இன்ஜின நிறுத்திட்டுச் சாவிய உருவினா. ஷெட்டே கப்சிப்னு ஆயிடுச்சு. தரையில கெடந்த குழாய் மட்டும் அதிர்ந்துக்கிட்டே இருந்துச்சு. அக்கா அவ பக்கத்துல வாயத் தெறக்காம நின்னா.

சுவத்துக்கு அந்தப் பக்கம் அக்கா குரல் குஷியா கத்துச்சு: "இன்னும் வருதுடி!"