புது மெம்பரேன்

"பதினெட்டாயிரத்து நானூறு பாக்கி. இல்லைன்னு நான் சொல்லலையே அண்ணே. அதுக்காக ஓடுற மெஷினை நிறுத்துவீங்களா?"

டயாலிசிஸ் நிலையத்தின் பின்பக்கத் தண்ணீர் அறையில், நிலையத்தை நடத்தும் அம்மாள் கையை விரித்து மறித்தாள்.

"தள்ளும்மா. மெம்பரேனைக் கழட்டணும்" என்றார், தண்ணீரைச் சுத்திகரிக்கும் அந்த மெஷினை மாட்டித்தந்த ஃபில்டர்காரர். கையில் ஸ்பானர்.

"முன்னால நாலு பேர் கட்டில்ல படுத்தாச்சு. இன்னைக்குப் புதுசா ஒரு சின்னப் பொண்ணு வேற. இந்தத் தண்ணி இல்லாம யார் ரத்தத்தையும் சுத்தம் பண்ண முடியாது. கால் வீங்கி, மூச்சு வாங்கிட்டு வந்திருக்காங்க."

அவர் சுவிட்சை அணைத்தார். மோட்டார் சத்தம் அடங்கிப்போனது.

"மேடம், தண்ணி வரலையே. ஊசி குத்தலாமா, வேண்டாமா?" முன்பக்கத்திலிருந்து நர்ஸின் குரல்.

"குத்த வேண்டாம்னு சொல்லும்மா" என்றார் அவர் அவசரமாக.

அம்மாள் இரண்டு வளையலையும் கழற்றி நீட்டினாள். "இந்தாங்க. பாக்கிக்கு மேலேயே தேறும். நாலு மாசமா பல்லைக் காட்டிட்டு வந்துபோன மனுஷனுக்கு இன்னைக்கு என்ன பேய் பிடிச்சுது?"

அவர் வளையலைப் பார்க்கவே இல்லை. ஸ்பானர் இரண்டு தரம் வழுக்கியது. ஒருவழியாகக் குழாயின் மூடியைத் திறந்து, தண்ணீரை வடிகட்டும், கை நீளத்துக்கு இருந்த மெம்பரேன் உருளையை உருவினார். தரையெல்லாம் தண்ணீர்.

"விட மாட்டேன்" என்று அவள் மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். நனைந்த லேபிள் அவள் கையோடு உரிந்து வந்தது.

அடியில் இன்னொரு லேபிள். பழுத்துப்போனது. வேறொரு ஆஸ்பத்திரியின் பெயர் போட்டது.

"புதுசுன்னுதானே குடுத்தீங்க?"

அவர் தன் பக்கத்துப் பிடியை விட்டார்.

"ஊரான் தூக்கிப் போட்டதைக் கழுவி என் தலையில கட்டினீங்களா? குளிருது, நடுங்குதுன்னு சொன்னவங்களுக்கெல்லாம், இந்தத் தண்ணியாலன்னு தெரியாம, போர்வையைப் போர்த்திவிட்டேனே, பாவி மனுஷா."

அவர் வெளியே ஓடி, வண்டியிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார். சீல் பிரிக்காதது. அவள் கண்ணெதிரிலேயே பிரித்து மாட்டி, மோட்டாரைப் போட்டார்.

"இது நிஜமாவே புதுசு. ஒரு மணி நேரம் தண்ணியை ஓடவிட்டுக் கழிச்சுட்டு அப்புறம் ஆரம்பிங்க. இதுக்கும் காசு வேண்டாம். அந்தப் பாக்கியையும் அடிச்சிடும்மா."

"திடீர்னு என்ன ஞானோதயம்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"சார், இங்கேயா இருக்கீங்க? வண்டியை நிறுத்திட்டு வரேன்னு போன அப்பாவைக் காணோமேன்னு உங்க பொண்ணு கட்டில்ல படுத்துக்கிட்டு அழுவுது."