அழுத்தாத பொத்தான்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் என் இடது காதைப் பாதி அடைத்துவிட்டு, உள்ளே ஓயாத ஒரு விசில் சத்தத்தை வைத்துவிட்டது. ஆய்வக வேலைக்கான செவிச் சோதனையில், ஹெட்போனில் சத்தம் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். போன முறை என் விசிலுக்கும் அழுத்தினேன். சோதனை செல்லாமல் போனது. இன்று கடைசி வாய்ப்பு. சத்தங்கள் வந்தன, அழுத்தினேன். பிறகு விசில் மட்டும். ஆறு மாதமாக அதோடு தூங்கி எழுகிறேன், அதன் சுருதி எனக்குத் தெரியும். கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது, அழுத்தவில்லை.

சோதனை செய்த சலோமி மேடம் சோதனை அறைக் கதவைத் திறந்தார். "ரெண்டு நிமிஷமா நான் ஒண்ணுமே அனுப்பலம்மா. விசில் நின்னுடுச்சா?"

"இல்ல மேடம், இப்பவும் கத்துது. அது என்னோடது, உங்க மெஷினோடது இல்ல."

"அடி கெட்டிக்காரி!"

சோதனை அறிக்கையில் 'நம்பகத்தன்மை' என்ற கட்டத்தில் 'நன்று' என்று எழுதினார். என் காது எவ்வளவு கேட்கிறது என்று சொல்லும் மற்ற கட்டங்களை நான் இன்னும் பார்க்கவில்லை.